வாயளவு

பூசணியைக் கனசதுரமாக வெட்ட வருமா என்று
மியாங்காலி கேட்டபோது
வேலை கைநழுவிவிடும் பயத்தில் வரும் என்றேன்.
மொராமாங்கா சாலையில் இதுவரை எவரும்
எதையும் கனசதுரமாகத் தின்றதில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பொழுது
இரும்பு அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் விடிகிறது.
பத்து மில்லிமீட்டர். பதினொன்று. பன்னிரண்டு.
பப்பாளி ஒரு தட்டில்,
வேகாத மரவள்ளி இன்னொன்றில்.
அவளுடைய கேள்வி சின்னது:
எதுவரைக்கும் கடிக்காமல் முழுசாக வாய்க்குள் தள்ளும்?
எதில் முதல் பல் பதியும்?

எலி லெமூர், ஐம்பது கிராம்.
என் கைக்குள் அடங்கியும் இடம் மிச்சமிருக்கும்.
எட்டு மில்லிமீட்டரை உள்ளே தள்ளியது.
ஒன்பதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
திருப்பித் திருப்பிப் பார்த்தது,
வாசலுக்குள் நுழையாத கட்டிலைப் பார்க்கிற மாதிரி.
பிறகு ஓரத்தைக் கொறித்தது.
மியாங்காலி எழுதிக்கொண்டாள்.

கறுப்பு வெள்ளை லெமூர் மூன்றரைக் கிலோ.
அண்ணாந்து இருபத்திரண்டை வாங்கிக்கொண்டு
அடுத்ததற்குக் கை நீட்டியது.
எடையில் எழுபது மடங்கு,
கவளத்தில் இருபது மடங்குதான்
என்று மதியம் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள்.
குட்டி உடம்புக்குத்தான் வாய் பெரிதாம்.
என் கடைசி மகளை அவளுக்குத் தெரியாது.

சிஃபாகாவும் கிட்டத்தட்ட அதே கனம்,
கால் மட்டும் நீளம்.
பதினான்கிலேயே கடித்துவிட்டது.
பழத்தை விழுங்கிவிடலாம் ஹாய்ங்கு,
இலையை அரைத்துத்தானே ஆகவேண்டும், என்றாள்.
அதைக் கேட்டுக்கொண்டே சிஃபாகா
துண்டை மெல்ல மெல்ல மென்றது,
யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல்.

எல்லாவற்றிலும் பெரியது இந்த்ரி.
அது கூண்டில் உயிர் தரிக்காது.
காலையில் மலைமுகட்டிலிருந்து
குரல் மட்டும் இறங்கி வரும்.
அட்டவணையில் அதன் பேருக்கு எதிரே
கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

மழைக்காலக் கடைசி. அரிசி விலை ஏறும் மாதம்.
பால் டின்னால்தான் இங்கே அரிசி அளப்பார்கள்,
கபுவாக்கா என்போம்.
மூன்று கபுவாக்கா போட்ட பானையில்
இப்போது இரண்டு.
ஐந்து பேர்.

ஒரு நாள் அளவுகோல் தவறுதலாக
என் மேலங்கிப் பையில் வீட்டுக்கு வந்துவிட்டது.
ஸாஃபி தொண்ணூறு கிலோ, கல் உடைக்கிறவன்,
இடது பக்கம் கடைவாய்ப்பல் இரண்டும் இல்லை.
மரவள்ளியைக் கத்தியால் நறுக்கி
ஒவ்வொன்றாக வலது பக்கம் ஒதுக்கிக்கொள்வான்.
அவன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அளந்தேன்.
பதினொன்று.
என்ன பார்க்கிறாய் என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.

எதிரே சிக்கி, நாலு வயசு.
அண்ணன்களின் கையையே பார்த்தபடி
ஒரு முழுத் துண்டை வாய்க்குள் திணித்தாள்.
கன்னம் புடைத்து, கண் நீர் கோர்த்து,
மெல்ல முடியாமல், துப்பவும் மனமில்லாமல்.
அதே அளவுத் துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன்.
இருபத்தாறு.

மறுநாள் மியாங்காலியிடம் கேட்டேன்:
பசியோடு இருக்கும்போது அளக்கிறோமா,
தின்ற பிறகா?
காலை உணவுக்கு முன்னால், என்றாள்.
பக்கத்தில் இன்னொரு லெமூர் இருந்தால்?
தனித்தனியாகத்தானே கொடுக்கிறோம்,
என்றவள் நிறுத்தினாள்.
பேனாவின் மூடியைக் கடித்தாள்.
பக்க ஓரத்தில் ஏதோ கிறுக்கினாள்,
என்னவென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

யாரும் தொடாத இருபத்துமூன்றுகள், இருபத்துநான்குகள்
தட்டில் மிஞ்சிக் கிடந்தன.
எடுத்துக்கொண்டு போகட்டுமா என்றேன்.
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

இரவு பூசணியைக் கீரைச்சாறில் போட்டேன்.
ஸாஃபி கரண்டியில் ஒன்றைத் தூக்கி
விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.
யார் இவ்வளவு ஒழுங்காக வெட்டினது?
நான்தான்.
அவன் அதை நாலாக நசுக்கினான்.
சிக்கியின் வாய்
ஏற்கெனவே நிறைந்திருந்தது.